அறுபது கேட்ட கதவு

தருவைக்கரை இதயநலக் காப்பகத்தின் கதவுக்குச் சாவி கிடையாது, பூட்டு கிடையாது, துப்பாக்கி ஏந்திய காவலனும் கிடையாது. அது கேட்டதெல்லாம் ஓர் எண். மணிக்கட்டில் மாட்டிய பட்டை விடிந்ததும் ஒரு துளி இரத்தத்தை உறிஞ்சி, இதயம் சுரக்கும் ஹார்மோன் எவ்வளவு என்று சொல்லும். அறுபதைத் தொட்டவன் குடிமகன். தொடாதவன் நோயாளி ஆகக்கூடியவன். ஆகக்கூடியவன் என்ற ஒரே குற்றத்துக்காக, ஆகும் முன்பே அடைக்கப்பட்டவன்.

ஒன்பது ஆண்டுகளாக ராசக்கனியின் எண் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பட்டை அறுபத்திரண்டு என்றது.

"யக்கா, இன்னொருக்கா பாருங்க. மிசினுக்குக் கோட்டி புடிச்சிருக்கும்" என்றாள் ராசக்கனி.

செவிலி ஜெபமாலை மறுபடியும் பார்த்தாள். அறுபத்திரண்டுதான். இன்னும் இரண்டு காலைகள் இதே உயரத்தில் நின்றால், வியாழக்கிழமை அந்தக் கதவு ராசக்கனிக்குத் திறக்கும். அவள் மகள் முத்தெழிலுக்கு இப்போது பதினொரு வயது. தாயைப் பிரித்தபோது அந்தக் குழந்தைக்கு வயது இரண்டு. தந்தை சங்கரபாண்டியின் மரபணு அவளிடம் இருந்தது. அதனால் அவள் வெளியே வளர்ந்தாள். ஆண்டுக்கு இருமுறை கண்ணாடிச் சுவரின் அந்தப் பக்கம் வந்து நிற்பாள். அதுதான் தாய்க்கும் மகளுக்கும் அரசு அளந்து கொடுத்த உறவு.

எப்படி வந்தது இந்தச் சட்டம்? கொடுமையின் பெயரால் வரவில்லை. கருணையின் பெயரால் வந்தது. இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது என்று அறிவியல் கண்டது. பிறவியிலேயே அது சிலருக்கு மிகுதியாகவும் சிலருக்குக் குறைவாகவும் சுரக்கிறது என்று கண்டது. குறைந்தவர்களுக்கு இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் மாரடைப்பும் வருவதற்குச் சற்றுக் கூடுதலாக வாய்ப்பு உண்டு என்றும் கண்டது. "சற்று" என்றது அறிவியல். அந்தச் சொல்லை அடித்துவிட்டுத்தான் சட்டம் எழுதினார்கள். மரபணுவைப் படிக்க நாளாகும், ஹார்மோனை அளக்க நொடி போதும் என்று மணிக்கட்டில் பட்டையைக் கட்டினார்கள். நிறைசுரப்பினர் என்றும் குறைசுரப்பினர் என்றும் நாட்டை இரண்டாகக் கிழித்தார்கள். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடைதோறும் முழங்கிய மண்ணில், பிறப்பு இரத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு திரும்பி வந்தது. கேட்டவர்களுக்கு, "இது சாதி அல்ல, சுகாதாரம்" என்று பதில் சொன்னார்கள்.

உணவுக்கூடத்தில் அன்று கூத்துதான். சமையல் பொறுப்பிலிருந்த மந்திரமூர்த்தி கரண்டியால் அண்டாவைத் தட்டி இருநூற்று எட்டுப் பேருக்கும் செய்தி சொன்னார்.

"கேட்டுக்கிடுங்க! நம்ம ராசக்கனி இதயம் பள்ளிக்கூடம் போயிருச்சி!"

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?" என்றான் புதிதாக வந்திருந்த ஒருவன்.

"ஒனக்குத் தெரியாதா? இதயம் இருக்குல்ல, அது கிட்னிக்கு லெட்டர் போடும். 'உப்பு சாஸ்தியாயிருக்கு, வெளிய தள்ளு'ன்னு. ரத்தக் கொழாய்க்கும் ஒரு லெட்டர், 'இறுக்காத, தளத்து'ன்னு. தொப்பைக்கும் ஒண்ணு, 'கொழுப்ப எரி'ன்னு. நம்ம இதயத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதான் உள்ள தூக்கிப் போட்டுட்டான்."

"தெரியும் அண்ணாச்சி. கொஞ்சம் மெதுவா எழுதும், அவ்வளவுதான்" என்றாள் ஜெபமாலை. "தெனம் நடை, சாப்பாட்டுல உப்பு கொஞ்சம் கொறைச்சி, வேணும்னா ஒரு மாத்திர. அது போதும். இதுக்கு எதுக்குச் சுவரு?"

"அத எங்கிட்டக் கேட்டா? நான் சுவத்துல பேரு எழுதுதவன்தான்."

உணவுக்கூடத்தின் மேற்குச் சுவரில் நீலச் சாயத்தில் முப்பத்தொரு பெயர்கள் இருந்தன. எண் அறுபதைத் தாண்டி விடுதலை பெற்றவர்களின் பெயர்கள். முதற்பெயர் அந்தோணிமுத்து. காலையில் சோதனைக்குப் போகிறவர்கள் அந்தப் பெயரைத் தொட்டுவிட்டுப் போவார்கள். தொட்டுத் தொட்டு அதன் நீலம் வெளிறிப் போயிருந்தது. மந்திரமூர்த்தி முப்பத்திரண்டாம் இடத்தை ஈரத்துணியால் துடைத்து வைத்தார்.

"நீயும் போயி எங்கள மறந்துராத. முப்பத்தொரு பேருல ஒருத்தன் ஒரு கடுதாசி போட்டிருப்பானா? நன்றி கெட்ட பயலுவ."

"நான் போடுவேன் அண்ணாச்சி. மொதக் கடுதாசியே ஒமக்குத்தான். 'ஒம்ம சாம்பாருல இனிமேயாவது எதையாவது போடும்'னு."

கூடம் சிரித்தது. அந்தச் சமையலில் உப்பு கிடையாது. ஆனால் அங்கே உப்புத் தின்னாதவர் எவரும் இல்லை! காப்பகத்தைக் கட்டியவர்கள் அதை உப்பளத்தின் கரையிலேயே கட்டியிருந்தார்கள். கிழக்குக் காற்று இரவெல்லாம் வீசி, சன்னல் கம்பிகளில் வெள்ளையாய்ப் பூத்து நிற்கும். விடியும் முன் ஒவ்வொருவரும் கரண்டிக் காம்பால் அதைச் சுரண்டி, நாக்கில் போட்டு, இரண்டு செம்புத் தண்ணீர் குடிப்பார்கள். அதற்கு 'ஏத்தம் போடுதல்' என்று பெயர். உப்பும் நீரும் உடலில் நிறைந்தால், அதை வெளியேற்றச் சொல்லி இதயம் கூடுதலாகச் சுரக்கும். எண் இரண்டு ஏறும், மூன்று ஏறும். அடைத்து வைத்த கம்பியே அறுபதை நோக்கிய ஏணி என்று அவர்கள் நம்பினார்கள். ஜெபமாலை இதை அறிவாள். அறிந்தும் அறியாதவள்போல் இருந்தாள். அதைத் தன் கருணை என்றே எண்ணியிருந்தாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விடுதலையாகிறவர் கதவருகே நிற்கும்போது, அவர் நாக்கில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார்கள். 'இனி உனக்குத் தடையில்லை' என்று பொருள். முப்பத்தொரு பேருக்கும் அந்த உப்பை வைத்தவை ஜெபமாலையின் விரல்கள்தாம்.

அப்போது கண்காணிப்பாளர் அறவாழி உள்ளே வந்தார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளை உடை, மார்பில் 118 என்று பொறித்த பித்தளை வில்லை. அந்த மாவட்டத்திலேயே உயர்ந்த எண் அவருடையது. மூன்று படி ஏறியவர், படிக்கு ஒருமுறை நின்று கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார். நாட்டுப்பற்று மிக்கவர் என்று எல்லாரும் சொல்வார்கள்.

"வாழ்த்துகள், அம்மையாரே. உழைப்பும் ஒழுக்கமும் இருந்தால் எவரும் உயரலாம் என்பதற்கு நீங்கள் சான்று. நாளை மறுநாள் கதவு உங்களை வணங்கும்."

"கதவு வணங்குமா சார்?"

"வணங்கும். நிறைசுரப்பினர் ஒருவர் நிலைப்படியில் நிற்கையில் அந்தக் கதவு மூடாது. அவர்மீது கதவை மூடுவது சட்டப்படி குற்றம். சென்ற மாதம் நான் நிலைப்படியில் நின்று அரை மணி நேரம் தொலைபேசியில் பேசினேன். அசையாமல் திறந்து நின்றதல்லவா?"

"ஆமா, அன்னைக்கித்தான் கூடத்துக்குக் காத்து வந்துச்சி" என்றார் மந்திரமூர்த்தி.

எல்லாரும் சாப்பிட அமர்ந்தபோது ராசக்கனி செருப்பைக் கழற்றினாள். அவள் காலில் செருப்பு வாரின் தடம் விரற்கடை ஆழத்துக்குப் பதிந்திருந்தது. ஜெபமாலை அதைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"ராத்திரி நல்லா ஒறங்குதியா?"

"படுத்தா மூச்சு முட்டுதுக்கா. ரெண்டு தலகாணி வச்சி சாஞ்சிக்கிடுதேன். சந்தோசத்துலதான்."

அன்று மாலை வேலை முடிந்ததும் ஜெபமாலை தன் வீட்டுக்குப் போகவில்லை.

புதன்கிழமை காலையில் பட்டை அறுபத்தாறு என்றது. கூடம் கைதட்டியது. ஜெபமாலை மட்டும் கைதட்டவில்லை. மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ராசக்கனியை அழைத்துப் போய், ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார வைத்தாள்.

"காலக் காட்டுளா."

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தாள். குழி விழுந்தது. எண்ணிக்கொண்டே பார்த்தாள். குழி மேடேறவில்லை.

"சுவத்துல மொதப் பேரு யாரு?"

"அந்தோணிமுத்து அண்ணாச்சி. எதுக்குக்கா?"

"நேத்து அவுக வீட்டுக்குப் போனேன். படத்துக்கு மாலை போட்டிருக்கு. வெளிய போயி ஏழாவது மாசம். ரெண்டாவது பேச்சித்தாய். பதினொரு மாசம் இருந்தா. மூணாவது வீட்டுல கதவத் தெறந்த பொண்ணு என்ன அடையாளம் கண்டுக்கிட்டா. 'நீங்கதான எங்க அப்பாவுக்கு உப்பு குடுத்து அனுப்புனவுக'ன்னு கேட்டா."

ராசக்கனி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கி காலையில பட்ட பாத்து முடிச்சதும் பதிவாளரு ஆபீசுல போயி ஒக்காந்து பாத்துட்டு வந்தேன். முப்பத்தொரு பேருல இருபத்தெட்டுப் பேரு மரணப் பதிவேட்டுல இருக்காவ. மிச்சம் மூணு பேரு படுக்கையில. ஒருத்தரும் நம்மள மறக்கலளா. எழுததுக்கு ஆளு இல்ல."

"நீங்க பொறாமையில பேசுதிய" என்றாள் ராசக்கனி. எழுந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மறுபடி உட்கார்ந்தாள். "தப்பாப் பேசிட்டேன். சொல்லுங்க."

"நல்ல மரபணு இருக்கவுகளுக்குச் சுரப்பு பெறவியிலயே கூட இருக்கும். நெசந்தான். ஆனா கெட்டுப்போற இதயத்துக்கும் அதே சுரப்பு கூடும். ஒடம்புல தண்ணி கோத்து, இதயத்துச் சுவரு இழுபடும்போது, 'என்னக் காப்பாத்து'ன்னு அது கத்தும். அந்தக் கத்தலும் இதே ஹார்மோன்தான். சிரிக்கிற சத்தமா அலறுத சத்தமான்னு இந்தப் பட்டைக்குத் தெரியாது. ரெண்டுக்கும் ஒரே நம்பரு."

"அப்ப நான்…"

"ஒன்பது வருசமா கம்பிய நக்கியிருக்க. பெறவியிலயே உப்ப வெளிய தள்ள மெதுவான ஒடம்பு. அதுக்கு மேல தெனம் ரெண்டு செம்புத் தண்ணி. இதயம் எத்தன நாளு தாங்கும்?"

வெளியே அளத்தில் உப்பு வாரும் சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் ராசக்கனியும் அங்கே நின்று வாரியவள்தான்.

"வைத்தியம் இருக்கா?"

"இருக்கு. ஒரு ஊசி போட்டா ஒரு மணி நேரத்துல நீரு எறங்கும். பெறவு தெனம் மாத்திர. இருவது வருசம் நல்லா இருக்கலாம்."

"ஊசி போட்டா நம்பரு?"

ஜெபமாலை தரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கக்கா. நம்பரு என்னாகும்?"

"எறங்கும். நாப்பதுக்கு வந்துரும்."

"கதவு?"

"தெறக்காது."

"வெளிய போயி ரகசியமாப் போட்டுக்கிட்டா?"

"வெளியவும் தெனம் காலையில பட்ட பாக்கும். மூணு நாளு அறுபதுக்குக் கீழ போனா வண்டி வந்து கூட்டியாந்துரும். அந்த முப்பத்தொரு பேருக்கும் அதுதான் பயம். மூச்சு முட்டியும் ஆசுபத்திரிக்குப் போகல. வெளிய கெடந்து செத்தாலும் சாவோம், உள்ள வரமாட்டோம்னு இருந்திருக்காவ."

எண்ணிப் பாருங்கள் இந்தப் பொறியை! நலமானால் சிறை. விடுதலையானால் சாவு. மருந்து என்பது கதவை மூடும் கை; நோய் என்பது கதவைத் திறக்கும் சாவி. இதயம் உடைந்தால் மட்டுமே வெளியே விடும் மதிலுக்கு இதயநலக் காப்பகம் என்று பெயர்ப்பலகை எழுதியவன் யாரோ, அவன் கை நடுங்கியிருக்காது. நடுங்காத கைகள்தாம் சட்டங்களை எழுதுகின்றன.

ராசக்கனி சொன்னாள். "எம் பிள்ளைக்குத் தல சீவிவிடணும்க்கா. வகிடு கோணலா எடுத்துட்டு வருதா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஒன்பது வருசமாப் பாக்குதேன். 'நேரா எடுளா'ன்னு சொன்னா அவளுக்குக் கேக்காது."

"ஊசிய இப்பமே போடட்டுமா?"

"போட்டா நாளைக்கிக் கதவு தெறக்காது."

"போடலன்னா…"

"தெரியுது. நாளைக்கிக் காலையில கேளுங்க." போகும்போது திரும்பி நின்றாள். "யக்கா, அண்ணாச்சிகிட்ட எம் பேர இன்னும் எழுத வேணாம்னு சொல்லிருங்க."

வியாழக்கிழமை காலையில் அவள் கம்பியைச் சுரண்டவில்லை. பட்டை எழுபத்துநான்கு என்றது. உப்பு இல்லாமலே ஏறியிருந்தது.

இருநூற்று ஏழு பேரும் முற்றத்தில் கூடினார்கள். மந்திரமூர்த்தி ஒரு கையில் மாலையும் மறு கையில் நீலச் சாயப் புட்டியுமாக வந்தார். கண்காணிப்பாளர் அறவாழி கொடிக்கம்பத்தருகே ஒருமுறை நின்று, பிறகு நடந்து வந்தார். கதவு ராசக்கனியின் மணிக்கட்டைப் படித்தது. இரும்புப் பலகைகள் இரண்டும் ஓசையின்றி விலகின. எதிரே சாலை; சாலைக்கு அப்பால் சங்கரபாண்டி; அவன் பக்கத்தில் பள்ளிச் சீருடையில் முத்தெழில். வகிடு கோணலாகத்தான் இருந்தது.

ஜெபமாலை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். ஒன்றில் சிட்டிகை உப்பு. மற்றதில் மருந்து நிரப்பிய ஊசி.

ராசக்கனி இரண்டையும் பார்த்தாள். இரண்டையும் தொடவில்லை. நிலைப்படியில் ஏறி நின்றாள். அங்கேயே நின்றாள்.

"நடங்கள் அம்மையாரே. வெளியே குடும்பம் காத்திருக்கிறது" என்றார் அறவாழி.

"நிக்கதுக்கு எனக்கு உரிமை இருக்குல்லா சார்? நேத்து வரைக்கும் கொறை. இன்னைக்கி நெறை. நெலப்படியில நெறைசுரப்பு நின்னா கதவு மூடாதுன்னு நீங்கதான சொன்னிய?"

பிறகு உள்ளே திரும்பினாள். அவள் குரல் உரத்ததன்று. மூச்சுக்கு நாலு சொல்தான் வந்தது. ஆனால் அந்த முற்றத்தில் அதற்கு முன்பும் பின்பும் எந்த மேடைப் பேச்சும் அப்படிக் கேட்கப்பட்டதில்லை.

"சுவத்துல எழுதியிருக்க பேரெல்லாம் தெனம் தொடுதியளே. அந்தோணிமுத்து அண்ணாச்சி செத்துட்டாவ. பேச்சித்தாய் செத்துட்டா. இருபத்தெட்டுப் பேரு செத்துட்டாவ. அவுக இதயம் நல்லாயிட்டுன்னு கதவு தெறக்கல. கெட்டுப்போச்சின்னு தெறந்துச்சி. எனக்கும் அதான். எங் காலப் பாருங்க."

மாலை மந்திரமூர்த்தியின் கையிலிருந்து நழுவியது. "ஜெபமால, இவ என்ன சொல்லுதா?"

"நெசம் அண்ணாச்சி. நான் போயிப் பாத்தேன். பதிவேட்டுலயும் பாத்தேன். இருபத்தெட்டுப் பேருக்கும் நாந்தான் உப்பு வச்சேன்." அவள் அந்தக் கையைத் திருப்பினாள். உப்பு மண்ணில் விழுந்தது. நோயையும், பட்டையையும், ஊசியையும், ஊசி போட்டால் எண் இறங்கும் என்பதையும் அவள் எல்லார் முன்னும் சொன்னாள்.

"பொய்ப் பிரசாரம்!" என்றார் அறவாழி.

"பொய்யின்னா அவுகளே வெளிய போயிப் பாத்துக்கிடட்டும்" என்றாள் ராசக்கனி. "நான் இங்கன நிக்கித வரைக்கும் இது மூடாது. வாங்க. எம் பக்கத்துல எடமிருக்கு. ஒவ்வொருத்தரா வாங்க."

யாரும் அசையவில்லை. ஒன்பது ஆண்டுச் சிறை காலுக்குள் போய்விட்டால், கதவு திறந்திருந்தாலும் கால் திறப்பதில்லை. முதலில் நடந்தது மந்திரமூர்த்திதான். நிலைப்படி வரை வந்தவர், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் கடைசியா வாரேன். எல்லாரையும் அனுப்பிட்டு." அண்டாவைத் தட்டும் கரண்டி அவர் இடுப்பில்தான் இருந்தது. அதை எடுத்துக் கதவின் இரும்பில் ஓங்கித் தட்டினார். "என்னலே நிக்கிய? சாப்பாட்டுக்குன்னா மட்டும் ஓடி வாரியளே! நடங்க!"

அவர்கள் நடந்தார்கள். ஒருவர், இருவர், ஐவர். கதவையே காவலனாக நம்பியவர்கள் வேறு காவலனை வைத்திருக்கவில்லை. அறவாழி மாவட்டத் தலைமையகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். ஆள் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். "நிலைப்படியில் நிறைசுரப்பினர். மூடுதல் குற்றம்" என்று அது பணிவாகப் பதில் சொன்னது.

சாலையைக் கடந்து முத்தெழில் ஓடி வந்தாள். முதல்முறையாக நடுவில் கண்ணாடி இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஓர் அடி தள்ளி நின்றாள்.

"கிட்ட வாளா. அம்மா நகர முடியாது."

வந்தாள். ராசக்கனி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் சுண்டுவிரல் நகத்தால் மகளின் வகிட்டைக் கலைத்து, நெற்றியிலிருந்து உச்சி வரை நேராக இழுத்தாள். பக்கத்தில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

"அம்மா, ஒங்க கை நடுங்குது."

"ஒந் தல ஆடுது. நேரா நில்லு."

பட்டை எழுபத்தேழு என்றது. சற்று நேரத்தில் எழுபத்தொன்பது என்றது. அவள் உதடு நீலம் பாரித்தது. இதயம் எவ்வளவு தளர்கிறதோ அவ்வளவு உறுதியாகக் கதவு திறந்து நின்றது.

அப்போதுதான் அறவாழிக்கு அது தோன்றியது: எண் இறங்கினால் கதவு மூடும். முகம் மலர்ந்தது.

"செவிலி! அந்த ஊசியைப் போடுங்கள். இப்போதே போடுங்கள். இது ஆணை!"

ஜெபமாலை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "எந்த நோய்க்கு சார்?"

"என்ன?"

"ஊசின்னா நோயி வேணும்லா? நல்லாருக்கவுகளுக்கு ஊசி போட்டா என் லைசென்சு போயிரும். எழுபத்தொம்பது நெறைசுரப்பு. சட்டப்படி நல்ல இதயம். நோயே இல்லன்னா ஊசி இல்ல. கதவு தெறந்தே இருக்கும். நோயின்னா, அத நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. அந்தச் சீட்டு எங்கிட்ட இருக்கட்டும்."

அறவாழி கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறரை ஒன்பது ஆண்டுகள் அடைத்து வைத்த பொறியின் நடுவே, அவர் முதல்முறையாக நின்றார். நோய் இல்லை என்றால் மதில் காலியாகும். நோய் என்றால் சட்டம் காலியாகும். உயர்ந்த எண் உயர்ந்த இதயம் அன்று என்பதை அரசின் முத்திரையோடு அவரே எழுதியவராவார்.

"யக்கா, இன்னும் எத்தன பேரு?" என்று கேட்டாள் ராசக்கனி. கண்களை மூடியிருந்தாள். முத்தெழில் அவள் இடுப்பைக் கட்டித் தாங்கியிருந்தாள்.

"நாப்பது பேரு இருக்கும்."

"அப்ப இப்பமே போட்டாலும் சரி. ஒரு மணி நேரம் ஆவும்னியளே. நாப்பது பேரு பத்து நிமிசத்துல போயிருவாவ."

"சீட்டு வரட்டும்ளா. ஒனக்கு மட்டும் ஊசின்னா இங்கனயே போட்டுருவேன். இந்தச் சீட்டு எல்லாருக்கும்."

"சரி. சீக்கிரம் எழுதச் சொல்லுங்க. நிக்க முடியல."

அறவாழி சட்டைப் பையிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பேனாவை எடுத்தார். எழுதினார்: ராசக்கனி, வயது நாற்பத்தொன்று. சுரப்பெண் எழுபத்தொன்பது. நோய்: இதயத் தளர்ச்சி. கையெழுத்திட்டார். கை சற்று நடுங்கியது. அதைத் தாளைக் கிழிக்கும் அவசரத்தில் மறைத்தார்.

ஜெபமாலை தாளை வாங்கி மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஊசியை ராசக்கனியின் புயத்தில் ஏற்றினாள். முகத்தில் பூத்திருந்த வேர்வையைத் துடைத்துவிட்டாள். பிறகு அறவாழியிடம் திரும்பினாள். அவள் குரலில் வெற்றி இல்லை. காய்ச்சல்காரனைப் பார்க்கும் செவிலியின் குரல்தான் இருந்தது.

"புத்தகத்த உள்ள வைக்காதிய சார். இன்னொரு சீட்டும் எழுதணும்."

"யாருக்கு?"

அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். அவரும் குனிந்து பார்த்தார். மூன்று மாதமாகச் சப்பாத்து ஏறவில்லை என்று அவர் அணிந்து வந்த அகலச் செருப்பு. அதன் வாருக்கு இருபுறமும் புடைத்து வழிந்த சதை. மார்பில், வெயில் பட்டு மின்னும் நூற்றுப் பதினெட்டு. மூன்று படிக்கு மூன்று முறை ஏன் கொடியைப் பார்க்க நேர்கிறது என்று இதுவரை அவரைக் கேட்டவர் யாருமில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ராத்திரி எத்தன தலகாணி வைக்கிய சார்?" என்று ஜெபமாலை மெல்லக் கேட்டாள்.

மந்திரமூர்த்தியின் கரண்டி கதவில் தட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அறவாழி புத்தகத்தின் அடுத்த தாளைப் புரட்டினார்.

"மூன்று" என்றார்.

பேனா தாளைத் தொட்டது.